தாதுஸ் ஸலாஸில்: ஒரு தளபதி பெற்ற பயிற்சி

படைத் தலைமைக்கு வாள் வீசத் தெரிந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஸஹாபாக்களின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், தளபதிகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், எப்படிப் பக்குவப்படுத்தப்பட்டார்கள் என்பது விளங்கும். இம்மாதம் ஒரே ஒரு படையெடுப்பை மட்டும் பார்ப்போம்.

ஹிஜ்ரி 8, அதாவது கி.பி. 629. வடக்கே வாதில் குராவுக்கு அப்பால் குளாஆ கோத்திரத்தார் மதீனாவைத் தாக்கத் திரள்கின்றனர் என்ற செய்தி வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 300 பேர் கொண்ட படையைத் திரட்டி, அதற்கு அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். அன்னார் இஸ்லாத்தில் இணைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்கக் குறைஷியரின் தூதராகப் போனவரும் அவரே! ஆயினும் போர்த் தந்திரம் அறிந்தவர். அவருடைய தந்தையின் தாயார் அப்பகுதியைச் சேர்ந்த பலீ கோத்திரத்துப் பெண்மணி. ஆகவே அங்குள்ளோரை அணுக உறவின் வழியும் இருந்தது.

எதிரிகள் ஏராளம் என்பதை அறிந்த அம்ரு (ரலி) துணைப்படை கேட்டு ஆளனுப்பினார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் 200 பேர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் இருந்தனர். இப்போது தொழுகைக்கு இமாமாக நிற்பது யார் என்ற கேள்வி எழுந்தது. ‘நீங்கள் எனக்குத் துணையாக வந்தவர்கள், அமீர் நானே’ என்ற கருத்தில் அம்ரு (ரலி) உறுதியாக நின்றார்கள். மூத்த ஸஹாபியான அபூ உபைதா (ரலி), கருத்து வேறுபட வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லி அனுப்பியதை நினைத்து விட்டுக்கொடுத்தார்கள். கட்டளையிடக் கற்பதைவிட இது கடினமான பாடம் என்பது நம் எண்ணம். நம் ஊர் ஜமாஅத்துகளில் பதவிக்காக நடக்கும் சச்சரவுகளைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடுங்குளிர். நெருப்பு மூட்டக் கூடாதென்று தளபதி தடுத்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்தது. போர் நுணுக்கம் தெரிந்தவர் என்பதால்தான் அவர் நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று கூறி அபூபக்கர் (ரலி) அவர்கள் அவரை அமைதிப்படுத்தினார்கள். எதிரிகள் சிதறி ஓடியபோது துரத்திச் செல்லவும் அம்ரு (ரலி) அனுமதிக்கவில்லை.

மதீனா திரும்பியதும் புகார்கள் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு வந்தன. புகார் சொன்னவர்களை அவர்கள் அடக்கவில்லை. தளபதியையும் உடனே குற்றவாளியாக்கவில்லை. காரணம் கேட்டார்கள். நெருப்பு மூட்டினால் நம் படை சிறியது என்பது எதிரிக்குத் தெரிந்துவிடும், துரத்திச் சென்றால் அவர்களுக்கு மறைந்திருக்கும் உதவிப்படை கிடைக்கலாம் என்று அம்ரு (ரலி) விளக்கினார்கள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. இக்காலப் படைகளிலும் பயிற்சி முடிந்ததும் அதிகாரிகளை உட்கார வைத்து, என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று அலசுகிறார்கள்.

மற்றொரு புகாரும் இருந்தது. குளிப்புக் கடமையான நிலையில், குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து ஸுப்ஹு தொழ வைத்துவிட்டார் என்பது அது. உங்களையே கொன்றுவிடாதீர்கள் என்னும் கருத்துள்ள இறைவசனத்தை அம்ரு (ரலி) ஆதாரமாகக் காட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. இமாம்கள் இதிலிருந்து சட்டம் எடுத்திருக்கின்றனர். அப்படித் தொழுததை மீண்டும் தொழ வேண்டுமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேவைப்படுவோர் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

இத்தனை பெரியவர்களுக்குத் தலைவராக்கப்பட்ட அம்ரு (ரலி) அவர்களின் உள்ளத்தில் ஓர் எண்ணம் தோன்றிவிட்டது. தங்களுக்கு மிகவும் பிரியமானவர் யார் என்று நாயகத்திடமே கேட்டார்கள். ஆயிஷா (ரலி) என்று பதில் வந்தது. ஆண்களில்? அவருடைய தந்தை. பிறகு? உமர். இன்னும் சிலரின் பெயர்களும் தொடர்ந்தன. தம் பெயர் கடைசியில் வந்துவிடுமோ என்றஞ்சி, பின்னாளில் மிஸ்ரை வென்ற அத்தளபதி அத்துடன் கேள்வியை நிறுத்திக்கொண்டார்கள்.