வாடகை வீடும் வாறுகாலும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பது பழமொழி. பெருநகரில் வாடகை வீடு தேடிப் பார் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சொந்த வீட்டுக்கு இடம் தேட ஆண்டுக்கணக்கில் அவகாசம் உண்டு. வாடகை வீட்டுக்கோ வேலையில் சேரும் நாளுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் கரிசல் காட்டிலிருந்து வரும் மாணவர்கள் நாம். பருத்தியும் மிளகாயும் மல்லியும் சோளமும் வானத்தைப் பார்த்து விளையும் பூமி நம்முடையது. அது நம் எல்லோருக்கும் வேலை தராது. பட்டம் பெற்ற கையோடு மதுரைக்கோ, கோவைக்கோ, சென்னைக்கோ நம்மிற் பலர் பெட்டி கட்டப் போகிறோம். அங்கே எந்தப் பகுதியில் குடியேறுவது? இக்கேள்விக்கு எங்கள் குடும்பம் பட்டறிந்து கண்ட விடையைப் பாடமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறவு இருந்த தெரு

முன்னாளில் இக்கேள்வியே எழவில்லை. ரமண மகரிஷி என்று பிற்காலத்தில் உலகம் போற்றிய வேங்கடராமன் 1879 ஆம் ஆண்டு திருச்சுழியில் பிறந்தவர். 1892 இல் தந்தையார் மறைந்த பின்னர், மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே, சொக்கப்ப நாயக்கன் தெருவிலிருந்த சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்தார். உறவினர் இருந்த தெருவே புது ஊர். மற்றத் தெருக்களைப் பற்றி ஆராய வேண்டிய தேவை இல்லை.

இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. முன்னே போன ஊர்க்காரர் இருக்கும் இடத்தைத் தேடியே பின்னே போகிறவரும் போகிறார். அதில் தவறில்லை. வீடு கேட்டுப் போனால் முதற்கேள்வியாகச் சாதியைக் கேட்கிறவர்களும், திருமணமாகாத இளைஞர் என்றால் கதவைச் சாத்துகிறவர்களும் நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் உடன் வந்து சொன்னால்தான் பல கதவுகள் திறக்கின்றன. ஆனால் ஊர்க்காரர் சொல் வீட்டுக்காரரைப் பற்றிய சாட்சி மட்டுமே. அந்த நிலத்தைப் பற்றிய சாட்சி அன்று. இதை நாங்கள் 2015 இல் கற்றோம்.

அண்ணன் பார்த்த வீடு

என் அண்ணன் எங்கள் குடும்பத்தின் முதற்பட்டதாரி. 2015 ஆம் ஆண்டு கோடையில் அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அப்பா மிளகாய் விற்ற பணத்தை முன்பணமாகக் கொடுத்தனுப்பினார். ஊர்க்காரர் ஒருவர் கைகாட்டியபடி, தாம்பரத்திற்கு மேற்கே அடையாற்றை ஒட்டிய ஒரு குடியிருப்பில் அண்ணன் தரைத்தள வீடொன்றைப் பிடித்தார். வாடகை குறைவு. கிணற்றில் கை எட்டும் ஆழத்தில் தண்ணீர். தண்ணீருக்கு ஏங்கிய ஊரிலிருந்து போனவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? “அம்மா, இங்கே வாளியை விட்டாலே தண்ணி வருது” என்று அவர் தொலைபேசியில் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு மாணவன்.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைப் பற்றி எல்லோரும் அறிவர். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்தான். அதிற் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது என்றால் எண்ணிப் பாருங்கள். இரவோடு இரவாக வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் மாடி வீட்டாரின் தயவால் மொட்டைமாடியில் இரண்டு நாள் இருந்தார். தொலைபேசி இல்லை. அம்மா அந்த இரண்டு நாளும் அடுப்பு மூட்டவில்லை.

உயிர் பிழைத்தது பெரிது. ஆயினும் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் பட்டச் சான்றிதழ் வரை அனைத்தும் கூழாகிவிட்டன. வெள்ளத்தில் ஆவணங்களை இழந்தோருக்காக அரசு நடத்திய சிறப்பு முகாம்களில் வரிசையில் நின்று விண்ணப்பித்து, ஒவ்வொன்றாக மாற்றுச் சான்றிதழ்களைப் பெற்றார்.

வெள்ளம் வடிந்த பின் அப்பா சென்னைக்குப் போனார். வீட்டுக்குள் நுழையுமுன் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். பிறகு அண்ணனிடம் சொன்னார்: “தம்பி, கிணத்துல கையெட்டுற தூரத்துல தண்ணி கிடந்தா அது கண்மாய் உள்வாய் மாதிரி இடம்னு உனக்குத் தெரிய வேண்டாமா? நம்ம ஊர்ல உள்வாயில எவனாவது வீடு கட்டுவானா? வீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னால வாறுகாலைப் பாருய்யா.”

வாறுகால் என்பது நம் பக்கத்துச் சொல். சென்னையில் சாக்கடை, கால்வாய் என்பார்கள். மழைநீர் எங்கே வாரிக்கொண்டு போகிறதோ அதுவே வாறுகால்.

குடம் தேடிய கோடை

அடுத்து அண்ணன் மேடான ஒரு பகுதியில் இரண்டாம் மாடியில் குடியேறினார். வெள்ளத்திற்கு அங்கே வேலையில்லை. 2019 ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்கள் கொண்ட ரயிலில் ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. அண்ணன் வீட்டு ஆழ்துளைக் கிணறும் வற்றிவிட்டது. விடியற்காலையில் பிளாஸ்டிக் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தார். “குடத்தோட நிக்கிறதுக்கு மெட்ராஸ் எதுக்குடா? அதை இங்கேயே நின்னிருக்கலாமே” என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஓர் உண்மை இருந்தது.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தண்ணீர் எங்கே போகிறது? முதற்கேள்வியை நாம் தாய்ப்பாலோடு கற்றிருக்கிறோம். இரண்டாவதை ஊரில் கண்மாய்க்கரையும் மடையும் கலுங்கும் நமக்காகக் கேட்டுவிடுகின்றன. நகரத்தில் அவற்றை நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

நூல் சொல்லும் கணக்கு

நகரத்தின் மையத்திலிருந்து விலக விலக வாடகை குறையும், பயணச் செலவு கூடும். இவ்விரண்டையும் சீர்தூக்கியே மனிதன் இடத்தைத் தேர்கிறான் என்று வில்லியம் அலான்சோ என்னும் பொருளியலறிஞர் 1964 இல் விளக்கினார். நல்ல கணக்கு. ஆனால் நம் ஊர்களில் அதனோடு தண்ணீரையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

உதாரணமாக, ஒரு வீட்டுக்கு வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 80 ரூபாய் வீதம் 25 நாட்களுக்கு 2,000 ரூபாய். லாரித் தண்ணீருக்கும் குடிநீர்க் கேனுக்கும் 900 ரூபாய். மொத்தம் 8,900. வேலையிடத்துக்கு நடந்து போகும் தூரத்தில், குழாய்த் தண்ணீர் வரும் மற்றொரு வீட்டுக்கு வாடகை 8,000 என்றால் அதுவே மலிவு. வாடகைச் சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. தென்மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதனருகே குடியிருந்தால் ஊருக்குப் போக வசதி என்று நண்பர்கள் எண்ணுகிறார்கள். ஊருக்குப் போவது ஆண்டுக்கு ஐந்தாறு முறை; வேலைக்குப் போவது நாள்தோறும். அம்பத்தூரில் வேலையை வைத்துக்கொண்டு கிளாம்பாக்கத்தில் வீடு பார்ப்பது அறிவுடைமை ஆகாது.

பார்க்க வேண்டியவை

அப்பாவும் அண்ணனும் வகுத்த முறையைக் கீழே தருகிறேன்.

1. இடத்தின் பெயரைக் கேளுங்கள். ஏரி, குளம், ஏந்தல், தாங்கல் என்று முடியும் பெயர்கள் பழைய நீர்நிலையைக் காட்டிக்கொடுக்கும். தியாகராயநகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவானது. ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்னும் பெயர் மட்டும் நிற்கிறது. பெயரை வைத்தே வீட்டைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் மேலும் விசாரிக்க அது போதிய காரணம்.

2. சுவரைப் பாருங்கள். பக்கத்து வீடுகளின் சுற்றுச்சுவரில் நீர்க்கறை எந்த உயரத்தில் நிற்கிறது? தெரு உயர்ந்து வீடு தாழ்ந்திருக்கிறதா? சாலையின் மேல் சாலை போட்டுப் போட்டுப் பழைய வீடுகள் பள்ளத்தில் விழுந்திருக்கும்.

3. வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடமும், சலவைக்கடைக்காரரிடமும் இரண்டு வினாக்கள் கேளுங்கள்: “2015 இலும் 2023 டிசம்பர்ப் புயலிலும் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது? மே மாதம் தண்ணீர் எப்படி வரும்?” எங்களுக்கு வீடு காட்டிய ஊர்க்காரர் பொய் சொல்லவில்லை; அவர் அங்கே ஒரு பெருமழையைக் கண்டதில்லை, அவ்வளவே.

4. ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தை அது கட்டாயமாக்குகிறது. வேறு உடன்பாடு செய்துகொள்ளாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்கிறது. பத்து மாத முன்பணம் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். கேட்டவுடன் சம்மதிக்காமல் சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம்.

5. சான்றிதழ்களைக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பரண்மேல் வையுங்கள். நகல்கள் ஊரில் இருக்கட்டும்.

முடிவுரை

அண்ணன் இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறார். சிறிய வீடு, வாடகையும் சற்றுக் கூடுதல். ஆனால் மழை பெய்தால் அம்மா தூங்குகிறார். இவ்வாண்டு தேர்வுகள் முடிந்ததும் நானும் வீடு தேடிப் புறப்படுவேன். ஐப்பசி மாதத்தில், மழை பெய்து கொண்டிருக்கும் ஒரு நாளில் போய் வீடு பார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வேலை அதுவரை காத்திருக்காது என்றேன். “அப்ப மழையைக் கண்டவன்கிட்டக் கேளு” என்றார். நண்பர்களே, உங்களுக்கும் நான் சொல்வது அதுவே.