ஊரும் பேரும்

சேலம் மாவட்டத்தில் கஞ்சமலைக்கு அருகே இளம்பிள்ளை என்னும் பேரூர் அமைந்துள்ளது. அவ்வூர்த் தெருக்களில் நடப்போர் செவியில் முதலில் விழுவது தறியின் ஓசையே ஆகும். அங்கு நெய்யப்படும் சேலைகள் தமிழகத்தின் பிற ஊர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் செல்கின்றன. முன்னாளில் வணிகர் நேரில் வந்து, சேலையைத் தொட்டுப் பார்த்து விலை பேசுவர். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கிற்று. அதன் பின்னர் வாணிகத்தின் போக்கு படிப்படியாக மாறிற்று. இந்நாளில் தொலைவில் உள்ளவர் படத்தைப் பார்த்தே சேலையைத் தெரிந்தெடுக்கின்றனர். பணத்தையும் கணிப்பொறி வாயிலாகவே செலுத்துகின்றனர்.

அவ்வூரில் ஒரு சேலைக் கடை இருப்பதாகக் கொள்க. கணக்கர் முன்னே ஒரு கணிப்பொறி உள்ளது. பின்கட்டில் பட்டியல் அச்சிடும் பொறி உள்ளது. வெளியுலகத் தொடர்பைத் தரும் ரௌட்டர் சுவரோரம் உள்ளது. இவை யாவும் கம்பிகளால் ஸ்விட்சு என்னும் இணைப்புப் பெட்டியில் சேர்க்கப்பட்டுள்ளன. கணக்கர் விசையை அழுத்துகிறார். மறுகணமே பின்கட்டில் பட்டியல் அச்சாகி வருகிறது. பல பொறிகள் ஓர் இணைப்பில் கூடியிருக்க, அச்செய்தி அச்சுப்பொறியை மட்டும் நாடிச் சென்றது எவ்வாறு? அதற்கு வழிகாட்டியவர் யார்?

பொறிகளை இவ்வாறு கம்பியால் இணைக்கும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அமெரிக்க நாட்டில் சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இராபர்ட் மெட்கால்ஃப் என்பார், 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் இம்முறையை விளக்கி ஒரு குறிப்பு எழுதினார். டேவிட் பாக்ஸ் என்பாரும் அவருடன் சேர்ந்து அதனை உருவாக்கினார். ஒளி பரவுவதற்கு இடமாக ஈதர் என்னும் நுண்பொருள் வெளியெங்கும் நிறைந்துள்ளது என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர் கருதினர். 1887இல் மைக்கேல்சன், மார்லி என்னும் இருவர் நடத்திய ஆய்வில் அதன் சுவடே தென்படவில்லை. ஒளிக்கு வேண்டாததாய்ப் போன அப்பெயர், செய்தியைச் சுமக்கும் கம்பிக்கு வாய்த்தது!

ஈதர்நெட்டில் செல்லும் செய்தி வெறுமையாகச் செல்வதில்லை. சட்டகம் என்னும் கட்டுக்குள் அடங்கியே செல்லும். அதன் அமைப்பைத் தறியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பிரான்சு நாட்டு லியோன் நகரினரான ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் அட்டைகளால் இயங்கும் நெசவுக் கருவியை அமைத்தார். அட்டையில் துளை உள்ள இடத்தில் அதற்குரிய பாவு நூல் மேலெழும். துளை இல்லாத இடத்தில் எழாது. துளைகள் யாவும் ஒரே வடிவினவே. எனினும், ஒரு துளை கரையைக் குறிப்பதா, பூவைக் குறிப்பதா என்பதை அத்துளை இருக்கும் இடமே முடிவு செய்கிறது. ஓர் அட்டை இடம் மாறினும் சேலையின் பூ வேலை கெடும்.

சட்டகத்தின் இயல்பும் இத்தகையதே. துளை உண்டு, இல்லை என்பதற்கு ஈடாகக் கணிப்பொறியில் 1, 0 என்னும் இரு குறிகள் உள்ளன. ஒரு குறி பிட் எனப்படும். 8 பிட் கொண்டது ஒரு பைட். சட்டகத்தின் முதல் 6 பைட் பெறுபவர் முகவரி. அடுத்த 6 பைட் அனுப்புபவர் முகவரி. அதற்கடுத்த 2 பைட் உள்ளே இருப்பது எவ்வகைச் செய்தி என்பதைக் காட்டும். அதன்பின் செய்தி வரும். செய்திப் பகுதி 46 பைட்டிற்குக் குறையலாகாது. 1500 பைட்டிற்கு மிகலாகாது. குறைந்தால் வெற்றுக் குறிகளை இட்டு நிரப்புவர்; மிகுந்தால் பல சட்டகங்களாகப் பகுப்பர். இறுதி 4 பைட், வழியில் செய்தி சிதைந்ததா என்று கண்டறிவதற்குரிய சோதனை எண் ஆகும். இப்பகுதிகளுக்கிடையே வேலியும் இல்லை. பெயர்ப் பலகையும் இல்லை. இடமே பொருளைத் தருகிறது.

கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் மென்பொருளுக்கு இயக்க அமைப்பு என்று பெயர். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பலரும் வழங்குவது இதுவே. 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பெர்க்லியில் வெளியிட்ட யூனிக்சு வகையும், 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்சும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. கம்பி வழியே வந்த சட்டகத்தின் இறுதிச் சோதனையைப் பெரும்பாலும் இணைப்பு அட்டையே முடித்துவிடும். எஞ்சிய பைட்டுகள் நினைவகத்தில் வரிசையாக வைக்கப்படும். இயக்க அமைப்பு அவ்வரிசையின் மீது, ‘முதல் ஆறு இது, அடுத்த ஆறு இது, பின்னிரண்டு இது’ என்னும் அச்சு ஒன்றைப் பொருத்திப் பார்க்கிறது. நெசவாளர் வரைபடத்தைக் கொண்டு அட்டையைப் படிப்பது போன்றது இது.

செய்தியை அனுப்பும்போது இயக்க அமைப்பு கையாளும் சிக்கனம் ஒன்று உண்டு. கடிதம் எழுதுவோர் தாளின் மேற்புறத்தில் சிறிது இடம் விட்டு எழுதுவர். பின்னர்த் தேதியும் விளியும் அவ்விடத்தில் ஏறும். அவ்வாறே லினக்சு, செய்திக்கு முன்னே சிறிது இடத்தை வெறுமையாக விட்டுவைக்கிறது. ஒவ்வொரு தலைப்புப் பகுதியும் அவ்விடத்தில் முன்னோக்கி எழுதப்படும். தலைப்பைச் சேர்க்கும்போதெல்லாம் செய்தி முழுவதையும் மீண்டும் படியெடுக்கும் வீண்வேலை இதனால் ஒழிகிறது. வந்த செய்தியின் தலைப்பை நீக்குவதற்கும் எதையும் அழிக்க வேண்டுவதில்லை. ‘இனி இங்கிருந்து படிக்க’ என்னும் குறியைச் சற்று நகர்த்தினாலே போதும்.

எண்களைப் படிப்பதில் ஒரு நுட்பம் உள்ளது. தமிழில் இருபத்தைந்து என்கிறோம். இருபது முன்னும் ஐந்து பின்னும் வருகின்றன. இந்தியில் அவ்வெண்ணைப் பச்சீஸ் என்பர். அங்கு ஐந்து முந்துகிறது. கணிப்பொறிகளிலும் இவ்விரு வழக்குகள் உள்ளன. வலையில் செல்லும் எண், தமிழ் வழக்கைப் போலப் பெரும்பகுதியை முன்வைத்துச் செல்லும். மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை சிறுபகுதியை முன்வைப்பன. சட்டகத்தின் வகை எண்ணாக 8, 6 என்னும் இரு பைட்டுகள் வந்தனவாகக் கொள்க. வலை வழக்கின்படி அது 8 × 256 + 6, அஃதாவது 2054 ஆகும். மாற்றிப் படித்தாலோ 6 × 256 + 8, அஃதாவது 1544 ஆகிவிடும். ஆதலின் இயக்க அமைப்பு இத்தகைய எண்ணை முதலில் வரிசை திருத்திக்கொண்டே படிக்கும். டேனி கோஹன் என்பார் 1980இல் இவ்விரு வழக்கினரின் பூசலுக்கு ஒரு பெயர் தேடினார். முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா, சிறுமுனையில் உடைப்பதா என்று போரிட்ட குள்ளர்களின் கதை, ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய கலிவரின் பயணங்களில் உள்ளது. அக்கதையிலிருந்தே அவர் அப்பெயரை எடுத்தார்.

இனி முகவரியைக் காண்போம். ஒரு மனிதனை அறிய ஊரும் வேண்டும், பேரும் வேண்டும். பொறிக்கும் அவ்வாறே இருவகை முகவரிகள் உள்ளன. மேக் முகவரி என்பது பேர் போன்றது. 48 பிட் கொண்ட இதனை, இணைப்பு அட்டையைச் செய்வோர் தொழிற்சாலையிலேயே இடுவர். ஐ.பி. முகவரி என்பது ஊர் போன்றது. 192.168.1.20 என்றாற்போல நான்கு எண்களால் எழுதப்படும் இது, பொறி எந்த வலையில் உள்ளது என்பதைக் காட்டும். பொறியை வேறு வலைக்குக் கொண்டு சென்றால் ஊர் மாறும். பேர் பொதுவாக மாறாது. இக்காலக் கைப்பேசிகள் சில, தம்மைப் பிறர் பின்தொடராதிருக்கப் புனைபெயர் பூணுதலும் உண்டு.

கணக்கரின் கணிப்பொறிக்கு அச்சுப்பொறியின் ஐ.பி. முகவரி தெரியும். ஆனால், சட்டகத்தின் முதல் 6 பைட்டில் எழுத வேண்டியதோ மேக் முகவரி. ஊர் தெரிந்து பேர் தெரியாத நிலை இது. இந்நிலையில் செய்யத்தக்கது யாது? தெருவில் நின்று உரக்க வினவுவதே. டேவிட் பிளம்மர் என்பார் 1982ஆம் ஆண்டு நவம்பரில் இதற்குரிய நெறியை வகுத்தார். அதனை ஏ.ஆர்.பி. என்பர். சற்றுமுன் கண்ட 2054 என்பது இந்நெறிக்கே உரிய வகை எண் ஆகும்.

கணிப்பொறி, பெறுபவர் முகவரியில் 48 பிட்டும் ஒன்றாக இட்டு ஒரு சட்டகத்தை அனுப்பும். அம்முகவரி ‘அனைவருக்கும்’ என்று பொருள்படும். உள்ளே, ‘192.168.1.20 என்னும் முகவரியுடையவர் யார்? வினவுபவன் இன்னான்’ என்னும் பொருள் 28 பைட்டில் அடங்கியிருக்கும். வலையிலுள்ள எல்லாப் பொறிகளும் அதனைக் கேட்கும். தமக்குரியதன்று எனக் கண்டவை வாளா இருக்கும். அச்சுப்பொறி மட்டும், ‘அது நானே, என் மேக் முகவரி இது’ என்று வினவியவனுக்கே விடை அனுப்பும். வினவுபவன் தன் ஊரையும் பேரையும் வினாவிலேயே கூறிவிடுவதால், விடை கூறுபவன் மீண்டும் வினவ வேண்டுவதில்லை. புதிய ஊருக்குச் செல்பவர் தம்மை இன்னார் என்று சொல்லிக்கொண்டு வழி கேட்கும் பண்பாடு இதில் உள்ளதன்றோ!

பெற்ற விடையை இயக்க அமைப்பு ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு செய்திக்கும் வினவிக்கொண்டிராது. ஆயினும் அப்பட்டியலை நெடுங்காலம் நம்புவதும் தவறு. பழுதான அட்டையை மாற்றினால் பேர் மாறிவிடும். எனவே லினக்சு ஒரு குறிப்பை வழக்கமாக 15 முதல் 45 விநாடி வரையே ஐயமின்றிக் கொள்ளும். அதன்பின் தேவை நேரும்போது மீண்டும் உறுதி செய்யும். விடை வராவிடில் நொடிக்கு ஒருமுறையாக மும்முறை வினவும். பின்னர், சென்றடைய இயலவில்லை என்று அறிவிக்கும்.

பட்டியல் கொல்கத்தாவிலுள்ள வணிகருக்குச் செல்ல வேண்டுமாயின் யாது செய்வது? தெருவில் வினவும் குரல் கொல்கத்தா வரை எட்டாது. இயக்க அமைப்பு முதலில் இரு ஐ.பி. முகவரிகளையும் ஒப்பிட்டு, அவை ஒரே வலையைச் சார்ந்தனவா என்று பார்க்கும். அல்லவெனின், வாயில் காக்கும் ரௌட்டரின் மேக் முகவரியை வினவி, செய்தியை அதனிடம் ஒப்படைக்கும். சேலைச் சிப்பத்தின் மேல் ஒட்டிய கொல்கத்தா முகவரி வழியெங்கும் மாறுவதில்லை. அதனை ஏற்றிச் செல்லும் லாரியோ இடந்தோறும் மாறுகிறது. அவ்வாறே சேருமிடத்தின் ஐ.பி. முகவரி நிலைத்திருக்க, அதனைச் சுமக்கும் சட்டகம் ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகக் கட்டப்படும்.

இத்துணைச் சிறப்புடைய நெறியில் ஒரு குறையும் உண்டு. ‘அது நானே’ என்று கூறுபவன் உண்மையில் அவன்தானா என்று சோதிக்கும் வழி ஏ.ஆர்.பி.யில் இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சிலர் பயன்படுத்திய சிறிய வலைகளுக்காக அது வகுக்கப்பட்டது. கடையின் வலையில் புகுந்த தீய பொறி ஒன்று, ‘ரௌட்டர் நானே’ என்று பொய் விடை அனுப்பலாம். குறிப்பு முன்பே பட்டியலில் இருக்குமாயின், வினவாமல் வந்த விடையைக் கொண்டும் பல இயக்க அமைப்புகள் அதனைத் திருத்திக்கொள்ளும். அதன்பின் கடையிலிருந்து வெளியே செல்லும் செய்தியெல்லாம் அப்பொறியின் கைக்குச் சென்று மீளும். சட்டகத்தின் சோதனை எண்ணும் இங்கு உதவாது. அது தற்செயலான சிதைவைக் காட்டுமேயன்றி, வஞ்சகத்தைக் காட்டாது. பொய்யனும் தன் பொய்க்குச் சரியான சோதனை எண்ணைக் கணித்து இடுவான் அல்லவா?

இவ்விடர்க்குக் காப்புகள் உள்ளன. ரௌட்டரின் மேக் முகவரியை மாறாக் குறிப்பாகப் பதிந்து வைக்கலாம். எந்த ஐ.பி. முகவரி எந்தப் பொறிக்கு அளிக்கப்பட்டது என்னும் பதிவோடு ஒப்பிட்டு, ஒவ்வாத விடையைத் தடுக்கும் ஸ்விட்சுகளும் உள்ளன. கடைக்கு வரும் விருந்தினருக்குத் தனி வலை அமைக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, பணம் பற்றிய செய்தியை மறைகுறியாக்கி அனுப்புதல் வேண்டும். அப்போது இடையில் நின்று பெறுபவனுக்கும் பொருள் விளங்காது. மறுமுனையில் இருப்பவரின் சான்றிதழையும் கணிப்பொறி சோதித்தறியும். சான்றிதழ் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை தோன்றினால், அதனைத் தள்ளிவிட்டு மேற்செல்லுதல் கூடாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. கணிப்பொறி ஊரறிந்து பேரை வினவுகிறது. எனினும் தானே தீர விசாரிப்பதில்லை. அக்குறையை நிறைவு செய்வது அதனை ஆளும் மனிதரின் கடமையாகும். இளம்பிள்ளையில் நெசவாளர் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி, அவ்விழையைப் பிணைத்த பின்னரே மேலே நெய்கின்றனர். அவ்விழிப்பு கணிப்பொறியின் முன் அமர்வோர்க்கும் வேண்டும்.

பயிற்சி

1. ஈதர்நெட் என்னும் பெயர் எவ்வாறு தோன்றிற்று?
2. சட்டகத்தின் பகுதிகளை வரிசையாகக் கூறுக. ஜக்கார்டு அட்டை அதற்கு எவ்வாறு ஒப்பாகும்?
3. 8, 0 என்னும் இரு பைட்டுகளை இருவகை வழக்கிலும் படித்து, வரும் எண்களை எழுதுக.
4. செய்தி கொல்கத்தாவுக்குச் செல்லுங்கால் மாறுவது யாது? மாறாதது யாது?
5. சோதனை எண் வஞ்சகத்தைத் தடுக்காமை ஏன்? விளக்குக.