சிகிச்சை முடிந்தவரின் மூளைக்கும் காலம் வேண்டும்

‘குடு’ எனப்படும் ஹெரோயினுக்கு அடிமையாகி, கந்தக்காடு போன்ற புனர்வாழ்வு நிலையமொன்றில் இருந்து திரும்பிய பிள்ளை மறுபடியும் அதைத் தேடினால், “இவன் திருந்தமாட்டான்” என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. இது மனத்திடம் மட்டும் சார்ந்த விடயமா? இப்பாடத்தில் நாம் சேர்ந்து ஆராய்வோம்.

1. மூளையில் நடப்பது என்ன?

நமது உடல் தானாகவே வலிநீக்கிகளைச் சுரக்கிறது. 1975ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் ஆகியோர் பன்றியின் மூளையிலிருந்து இவ்வகைப் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினர். பூட்டில் திறப்பு பொருந்துவதுபோல இது மூளைக் கலங்களிலுள்ள வாங்கிகளில் பொருந்துகிறது. ஹெரோயின் அதே பூட்டுக்குள் நுழையும் கள்ளத் திறப்பு. அது டோபமைன் என்னும் இரசாயனத்தை அளவுக்கு மீறிப் பெருகச் செய்கிறது. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதால், பழைய அளவு போதாமற் போகிறது.

2. நிறுத்திய பின்

ஹெரோயின் இதுவரை நோர்அட்ரினலின் என்னும் இரசாயனத்தை அடக்கி வைத்திருந்தது. நிறுத்தியதும் அது மடை திறந்தாற்போல் பாய்கிறது. வியர்வை, நடுக்கம், வயிற்றோட்டம், தூக்கமின்மை என்பன இதனாலேயே வருகின்றன. இவை 2ஆம், 3ஆம் நாட்களில் கடுமையாகி, பெரும்பாலும் 10 நாட்களுக்குள் தணியும். ஆனால் மூளை சீரடையப் பல மாதங்கள் செல்லலாம். அக்காலத்தில் நல்ல சாப்பாடும் பிள்ளைகளின் சிரிப்பும்கூட அவருக்கு இன்பம் தருவதில்லை. இடம்பெயர்வினால் பல போகம் தரிசாய்க் கிடந்த வயல், நாம் திரும்பிய முதற் பெரும்போகத்திலேயே முழு விளைச்சல் தந்ததா?

3. பெரிய ஆபத்து

சிகிச்சைக் காலத்தில் உடல் போதையைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அதன்பின் பழைய அளவை ஒருமுறை பாவித்தாலும் மூச்சு நின்றுபோகலாம். எழுப்பியும் எழும்பாமை, மெதுவான மூச்சு, நீலம்பாய்ந்த உதடு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி ஆகியவை அடையாளங்கள். உடனே 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். மூச்சு இருந்தால் அவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். வெட்கத்தினால் தாமதிக்க வேண்டாம்.

4. நாம் செய்யக்கூடியவை

- மெதடோன், பியூபிரெனோர்பின் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவை அந்தப் பூட்டை நிதானமாக நிரப்பி ஏக்கத்தைத் தணிக்கின்றன. வைத்தியரின் கண்காணிப்பிலேயே பாவிக்க வேண்டும்.
- மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் ஆலோசனை கேளுங்கள்.
- பழைய கூட்டமும் பழைய இடமும் ஏக்கத்தைக் கிளறும். வயலிலோ வாவியிலோ அவருக்கு அன்றாட வேலை கொடுத்து, கூட ஒருவர் இருங்கள்.

கலந்துரையாடுவதற்கு

1. நமது கிராமத்தில் சிகிச்சை முடிந்து வருபவரை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறோம்?
2. முதல் ஆறு மாதங்களுக்கு அவருக்குத் துணைநிற்க யார் யார் முன்வருவோம்?