பத்தாயிரம் பேரை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே சாம்பார் பொடி, இட்லிப் பொடி அரைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். 800 ஃபாலோயர்கள்தான். பணம் கொடுத்தால் 10,000 ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பார்ப்பவர் லைக் போடுவாரா, கமென்ட் எழுதுவாரா, இன்னொருவருக்கு அனுப்புவாரா என்று கணித்துத்தான் இன்ஸ்டாகிராம் ஒரு பதிவை முன்னே தள்ளுகிறது. விலைக்கு வந்த கணக்குகள் இவற்றில் எதையும் உருப்படியாகச் செய்யப்போவதில்லை. நிலைத்து நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை: 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைக் களையெடுத்தபோது பாடகர் ஜஸ்டின் பீபரே சுமார் 35 லட்சம் பேரை இழந்தார். அவருக்குத் தாங்கும். அமெரிக்காவிலோ, வியாபாரத்துக்காகப் போலி ஃபாலோயர்களை வாங்குவதையே 2024இல் தடை செய்துவிட்டார்கள்.

“எண்ணிக்கை குறைவாக இருந்தால் புதியவர்கள் நம்புவார்களா?” என்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் பொடி வாங்க வருகிறவர் கமென்ட்டைத்தான் துழாவுவார்: காரம் எப்படி, கொரியர் எத்தனை நாளில் வந்தது என்று. 10,000 பேர் இருக்கும் பக்கத்தில் ஆறே லைக் கிடந்தால் சந்தேகம்தான் வரும். விளம்பரக் கட்டணம் வாங்கிப் பிழைப்பவருக்கு எண்ணிக்கை மூலதனம், மறுக்கவில்லை. நீங்கள் விற்பது பொடி. 800 பேரில் 40 பேர் மாதம் அரைக் கிலோ வாங்கினாலே 20 கிலோ அரைத்தாக வேண்டும். ஃபாலோயர்களை வாங்க நினைத்த பணத்தில், ஏற்கெனவே வாங்கியவர்களின் அடுத்த பார்சலில் 50 கிராம் பருப்புப் பொடி சாம்பிள் வைத்து அனுப்புங்கள்.