அரங்கினுள் ஓர் இருக்கை

நுழையும்முன்

ஊர்த்திடலில் நடைபெறும் கால்பந்தாட்டத்தைக் காண எவருடைய இசைவும் தேவையில்லை. எல்லைக்கோட்டின் ஓரத்தில் நின்றாலே போதும். அயல்நாட்டுப் பேரரங்கில் நடைபெறும் ஆட்டத்தைக் காண்பதற்கோ நுழைவுச்சீட்டு வேண்டும். அச்சீட்டு யாருக்கு, எம்முறையில், என்ன விலையில் கிடைக்கிறது என்பது வெறும் வணிகச் செய்தியன்று. அது நேர்மையோடும் மனித உயிரோடும் தொடர்புடையது. அதனை விளக்குகிறது இப்பாடம்.

பெயரோடு பிணைந்த சீட்டு

இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வாழ்வோர்க்குப் பொதிகை விரைவுத் தொடர்வண்டி நன்கு அறிமுகமானது. சென்னைக்கும் செங்கோட்டைக்கும் இடையே இயங்கும் அவ்வண்டி இவ்விரு ஊர்களிலும் நின்று செல்கிறது. பண்டிகைக் காலத்தில் அதில் ஒரு படுக்கை கிடைப்பது எத்துணை அரிது என்பதை இவ்வூர் மக்கள் அறிவர். முன்பதிவுச் சீட்டில் பயணியின் பெயர் இருக்கும். பரிசோதகர் கேட்டால் அடையாளச் சான்றைக் காட்ட வேண்டும். விரும்பியவர்க்கெல்லாம் அச்சீட்டை விற்றுவிட இயலாது. பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோருக்கு, வண்டி புறப்படுவதற்கு 24 மணிநேரத்திற்கு முன்னர் விண்ணப்பித்து மாற்றித் தரலாம்.

உலகக்கோப்பைக் கால்பந்தாட்ட நுழைவுச்சீட்டும் ஏறத்தாழ இவ்வியல்பினதே. 2022-ஆம் ஆண்டு கத்தாரில் நடைபெற்ற போட்டியில், ‘ஹய்யா’ என்னும் அடையாள அட்டையும் நுழைவுச்சீட்டும் சேர்ந்திருந்தால்தான் அரங்கினுள் நுழைய முடிந்தது. அயல்நாட்டுப் பார்வையாளர்க்கு அவ்வட்டையே நாட்டினுள் நுழைவதற்கான இசைவாகவும் அமைந்தது. சீட்டு, தாளில் அன்றிக் கைப்பேசிச் செயலியில் வழங்கப்பெற்றது. செல்ல இயலாதவர் தம் சீட்டை மறுவிற்பனை செய்வதற்கெனப் போட்டி அமைப்பே தனித்தளம் ஒன்றை நடத்தியது.

வரிசையும் குலுக்கலும்

தொடர்வண்டி முன்பதிவில் முந்தியவர்க்கே முதலிடம். உலகக்கோப்பை விற்பனையின் தொடக்கக் கட்டத்தில் வேறொரு முறை கையாளப்பட்டது. 2022 சனவரி 19 முதல் பிப்ரவரி 8 வரை விண்ணப்பங்கள் பெறப்பட்டன. முதல் நாளில் விண்ணப்பித்தவர்க்கும் இறுதி நாளில் விண்ணப்பித்தவர்க்கும் வாய்ப்பு ஒன்றே. இருக்கைகளைவிடக் கோரிக்கைகள் மிகுந்தபோது, குலுக்கல் முறையில் சீட்டுகள் ஒதுக்கப்பட்டன. அக்கட்டத்தில் கோரப்பட்ட சீட்டுகள் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம். வழங்கப்பட்டவையோ 8 இலட்சத்தைச் சற்றே கடந்தவை.

வரிசைமுறை விரைவுக்கு மதிப்பளிக்கிறது. விரைவான இணைய இணைப்பும் ஓய்வுநேரமும் உடையவர் அதில் முந்துவர். பகலெல்லாம் நூற்பாலையிலோ கட்டுமானத் தளத்திலோ உழைப்பவர் பிந்துவர். குலுக்கல் முறை இவ்வேற்றுமையைக் குறைக்கிறது. எனினும் அது எவர்க்கும் உறுதி தருவதில்லை. கேட்போர் பலராகவும் இருக்கை சிலவாகவும் உள்ள இடத்தில், ஏமாற்றத்தை முற்றும் நீக்க எம்முறையாலும் இயலாது. அதனைப் பாகுபாடின்றிப் பகிர்ந்தளிக்க மட்டுமே இயலும்.

உழைத்தவர்க்கும் ஓர் இடம்

கத்தாரில் வாழும் அயல்நாட்டினருள் இந்தியரே பெருந்தொகையினர். அங்கு எழுப்பப்பட்ட அரங்குகளிலும் சாலைகளிலும் இந்தியா, நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளின் தொழிலாளர் உழைப்புக் கலந்திருக்கிறது. அயல்நாட்டிலிருந்து வருவோர்க்கு முதற்சுற்று ஆட்டத்தின் குறைந்த கட்டணம் ஏறத்தாழ 250 ரியாலாக இருந்தது. கத்தாரில் வசிப்போர்க்கெனத் தனிப்பிரிவு ஒன்று ஒதுக்கப்பட்டு, 40 ரியால் முதல் சீட்டுகள் விற்கப்பட்டன. எழுப்பிய கைகளுக்கு உரியவர் அரங்கினுள் அமர்ந்து காணவும் அதனால் வழி பிறந்தது. அவ்வழி எல்லார்க்கும் போதுமானதாக இருந்ததா என்பது வேறு வினா. ஆயினும், விலையை வகுப்பது என்பது யார் உள்ளே வரலாம் என்பதை வகுப்பதே என்னும் உண்மையை அது உணர்த்துகிறது.

தவறிய சீட்டு, தவறிய உயிர்கள்

1985 மே 29 அன்று பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள ஹெய்சல் அரங்கில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியும் இத்தாலியின் யுவென்டசு அணியும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் மோதவிருந்தன. லிவர்பூல் ஆதரவாளர்க்கு அருகிலிருந்த ஒரு பகுதி, எவ்வணியையும் சாராத பெல்ஜிய மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பகுதியின் சீட்டுகள் பல, இடைத்தரகர் வழியாக யுவென்டசு ஆதரவாளர் கைக்குச் சென்றன. ஆட்டம் தொடங்குமுன் லிவர்பூல் ஆதரவாளருள் ஒரு பகுதியினர் தடுப்பைக் கடந்து பாய்ந்தனர். அஞ்சி ஒதுங்கியோர் நெருக்குண்டனர், சுவர் இடிந்தது, 39 பேர் மாண்டனர். வன்முறையும் பழுதடைந்த அரங்கமும் அதற்குக் காரணங்கள். சீட்டு விற்பனையில் நேர்ந்த ஒழுங்கின்மையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

இன்று இங்கிலாந்தின் அரங்குகளில் எதிரணி ஆதரவாளர்க்குத் தனிப்பகுதி உண்டு. உள்ளூர் அணியின் பகுதியில் எதிரணிச் சட்டையோடு அமர்பவர் வெளியேற்றப்படக்கூடும். சுற்றுலாச் செல்லும் தமிழருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். அவ்விதியின் பின்னே துயர வரலாறு உண்டு.

கள்ளச்சந்தை

இசைவின்றிக் கால்பந்தாட்டச் சீட்டுகளை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நம் நாட்டிலும் உரிமம் இன்றித் தொடர்வண்டிச் சீட்டுகளை வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொள்வது, 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. கடல் கடந்தாலும் அறம் ஒன்றே. அரங்கின் வாயிலில் பன்மடங்கு விலை கொடுப்பவர் தம் பணத்தை மட்டும் இழப்பதில்லை. முறைப்படி காத்திருந்த ஒருவரின் இடத்தையும் பறிக்கத் துணைபோகிறார். அச்சீட்டு போலியாயின், பல்லாயிரம் கல் தொலைவு கடந்தும் வாயிலோடு திரும்ப நேரிடும்.

பயணம் மேற்கொள்வோர் மூன்றினை மனத்துள் இருத்துதல் நன்று. முதலாவது, சீட்டைக் கழகத்திடமிருந்தோ போட்டி அமைப்பிடமிருந்தோ மட்டும் பெறுதல். இரண்டாவது, ஆட்டச்சீட்டு பொதுவாக விசா ஆகாது என்பதை அறிந்து, நுழைவிசைவைத் தனியே பெறுதல். மூன்றாவது, தொலைக்காட்சி ஒளிபரப்பின் பொருட்டு ஆட்டநாள் மாறக்கூடுமாதலால், பயணத்தில் ஓரிரு நாள் இடைவெளி விடுதல். இம்மூன்றும் பணத்தைக் காப்பன. முதலாவது பிறர் உரிமையையும் காப்பது.

தெரிந்து தெளிவோம்

2022 உலகக்கோப்பையின் 64 ஆட்டங்களும் 8 அரங்குகளில் நடைபெற்றன. திசம்பர் 18 அன்று லுசைல் அரங்கில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய இறுதியாட்டத்தைக் கண்டோர் 88,966 பேர்.

கற்பவை கற்றபின்

1. ‘தேவை மிகுந்தோறும் சீட்டின் விலையும் உயரலாம்’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் ஊர்த் தொடர்வண்டி நிலையத்தின் முன்பதிவு முறையை நேரில் அறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

குறுவினா: ‘ஹய்யா’ அட்டையின் பயன்கள் யாவை?

சிறுவினா: வரிசைமுறைக்கும் குலுக்கல் முறைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

நெடுவினா: நுழைவுச்சீட்டு விற்பனையில் ஒழுங்கு பேணப்பட வேண்டியதன் தேவையைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.