சீறும் குட்டிக்குக் கோபமா?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்பு வளர்ப்பது ஒன்றும் அதிசயமில்லை. முதன்முதலாக வளர்க்க நினைப்பவர்கள் பலர் வாங்குவது கார்ன் ஸ்நேக். தென்கிழக்கு அமெரிக்காவின் நஞ்சில்லாத பாம்பு. முட்டையை விட்டு வெளியே வரும்போது ஏறக்குறைய ஓரடி நீளம். எடை நம் ஐந்து ரூபாய் நாணயத்தளவுதான். அந்த நூலிழைக் குட்டி கழுத்தை நெளித்து, வாலைப் படபடவென்று ஆட்டி, கையை நோக்கிப் பாயும்போது வாங்கி வந்தவர் வெலவெலத்துப் போகிறார்.

நம்பிக்கை: இது முரட்டுக் குட்டி. வளர வளர இன்னும் மோசமாகும்.

பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். காட்டில் இந்தக் குட்டியைத் தின்னாதவர்கள் குறைவு: பறவைகள், ரக்கூன்கள், ஏன், மற்ற பாம்புகளே தின்னும். தலைக்கு மேலிருந்து இறங்குவது எதுவானாலும் அதற்குப் பருந்துதான். நம் கையும் மேலிருந்துதானே இறங்குகிறது! நமக்குக் கோபமாகத் தெரிவது அதற்கு உயிர்ப்பயம். உடல் பெருத்து, கையால் கெடுதலில்லை என்றும் பழகிவிட்டால் பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன.

நம்பிக்கை: எந்நேரமும் கையில் வைத்திருந்தால் சீக்கிரம் பழகும்.

ஆர்வக்கோளாறில் பலர் சறுக்கும் இடம் இதுதான். புதிதாக வந்த குட்டியை முதல் ஒரு வாரமாவது தொடவே கூடாது. ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடம், வெதுவெதுப்பான ஒரு மூலை, தண்ணீர். இவ்வளவு கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். ஒழுங்காக இரையெடுக்கத் தொடங்கிய பிறகுதான் கை வைப்பது. இரை விழுங்கி இரண்டு நாள் ஆகாமல் தூக்கினால் கக்கிவிடும். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பாய்ந்து பார்வை மங்கியிருக்கும். அப்போதும் தூக்க வேண்டாம்.

தூக்கும்போது பக்கவாட்டில் கையை நீட்டி, நடு உடம்பின் அடியில் விரல்களை நுழைத்து ஏந்த வேண்டும். தலையைப் பிடித்தால், வாலைப் பற்றினால் கதை கெட்டது. அது நெளிந்து போகும் பக்கமெல்லாம் ஒரு கைக்கு அடுத்த கையை நீட்டிக்கொண்டே இருந்தால் போதும். தரையில் உட்கார்ந்து செய்தால் விழுந்தாலும் அடிபடாது. முதலில் ஐந்து நிமிடம் போதும். பாய்ந்தால் கையை வெடுக்கென்று இழுக்காமல், சற்றுப் பொறுத்து, அது அமைதியான நேரம் பார்த்துக் கூண்டில் விடுங்கள். வேண்டியதெல்லாம் பொறுமைதான். அது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

நம்பிக்கை: கடித்தால் அவ்வளவுதான்.

இந்தக் குட்டி கடித்தால் ஊசி முனை பட்டதுபோல் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் முடிந்தது. வளர்ந்த பாம்பு கவ்விக்கொண்டால் மட்டும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். பல்லெல்லாம் உள்நோக்கி வளைந்தவை, தோலைக் கிழிக்கும். உண்மையில் பயப்பட வேண்டியது சால்மோனெல்லா கிருமிக்கு. பாம்பைத் தொட்டபின் கை கழுவியே ஆக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது. தொடுவதற்கு முன்பும் கழுவுங்கள்: கையில் எலி வாடை இருந்தால் விரலை இரையென்றே நினைத்துவிடும்.

நம்பிக்கை: பழகிய பாம்பு பாசம் காட்டும்.

காட்டாது. பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே.

நம்பிக்கை: பால் வைத்தால் சாந்தமாகும்.

கடைகளில் 'பால் பைதான்' என்று ஒரு வகை உண்டு. பெயரைக் கேட்டுக் கிண்ணத்தைத் தேட வேண்டாம்; பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது. பாம்புக்குப் பால் உணவே அல்ல.

இதைப் படித்துவிட்டுத் தோட்டத்தில் நெளியும் குட்டியிடம் யாரும் கைவரிசை காட்ட வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பாம்புகளை, நஞ்சில்லாத சாரையானாலும், பிடித்து வளர்ப்பது குற்றம். தவிர, நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் கட்டுவிரியனையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவது எளிதல்ல. வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லிவிட்டு, எட்டி நில்லுங்கள்.