செண்டோலும் சீனிக் கணக்கும்

பினாங்கு ரோட்டை அடுத்த கெங் குவீ வீதியில் 1936ஆம் ஆண்டு முதல் செண்டோல் விற்பனையாகி வருகிறது. வெயில் ஏறிய நேரத்தில் ஒரு கிண்ணம் செண்டோலோ ஐஸ் கச்சாங்கோ சாப்பிடுவது ஹலாலான இன்பமே. அதை விலக்கச் சொல்ல நாம் எழுதவில்லை. கணக்கோடு சாப்பிடவே சொல்கிறோம்.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது? பண்டான் சாறு கலந்த அரிசிமாவு இழை, சிவப்புப் பயறு, தேங்காய்ப்பால், குலா மலாக்காப் பாகு, சீவிய ஐஸ். பயறு புரதமும் நாரும் தரும். தேங்காய்ப்பாலில் கொழுப்பு மிகுதி. குலா மலாக்கா தென்னையில் கிடைப்பதால் கெடுதல் இல்லை என்பார்கள். அது சரியன்று; அதுவும் பெரும்பாலும் சீனியே. மேலும், குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும். ஐஸ் உருகிய பின் மிஞ்சியதைச் சுவைத்தால் உண்மை விளங்கும்.

நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர், உணவில் சேரும் சீனியை 50 கிராமுக்குள், அதாவது சுமார் 12 தேக்கரண்டிக்குள் நிறுத்த வேண்டுமென்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய அளவு. அதில் பாதியானால் இன்னும் நலம். கெட்டிப் பாகு ஒரு மேசைக்கரண்டியில் 10 கிராமுக்கு மேல் சீனி உண்டு. தேத்தண்ணியில் ஊற்றும் டின் பாலிலும் ஏறக்குறையப் பாதி எடை சீனிதான். கல்லாவில் உட்கார்ந்தபடியே மூன்று நான்கு தேத்தண்ணி குடிப்பவருக்குச் செண்டோல் வருமுன்பே வரவு நிரம்பிவிடும்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோர் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. கால் புண் ஆறாமல் கடையைப் பிறரிடம் விட்டுப் போனவர்களை நாம் அறிவோம். 2019 ஜூலை 1 முதல் சீனி மிகுந்த டின், புட்டிப் பானங்களுக்கு அரசாங்கம் வரி விதித்துள்ளது. அவற்றின் மேல் சீனி அளவு அச்சிட்டிருக்கும். செண்டோல் கிண்ணத்தில் அப்படி ஒன்றுமில்லை. ஆகவே கணக்கை நாமே பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. செண்டோல் சாப்பிடும் நாளில் தேத்தண்ணியைச் சீனியும் டின் பாலும் இல்லாமல் குடியுங்கள்.

2. ‘குராங் மானிஸ்’ என்று சொல்லிப் பாகைக் குறைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

3. தாகத்துக்கு முதலில் தண்ணீர் குடியுங்கள். நோன்பு திறக்கும்போதும் இப்படியே.

4. ஒரு கிண்ணத்தை இருவர் பங்கிடுங்கள். தினமும் வேண்டாம்.

5. நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காசு விடாமல் கடைக்கணக்கு எழுதும் நாம், தேகத்தின் கணக்கையும் அவ்வாறே பார்த்து, நம் ஊர்ப் பண்டத்தை நெடுநாள் உண்டு மகிழ்வோமாக.